நோக்காத ரத்தம்

"அஜின் இப்போ நல்ல பொறுமையாக்கும் மைனி. சோறு தின்ன உக்காந்தா எல்லாருக்கும் கடைசியிலதான் எந்திப்பான்" என்று லில்லி ஃபோனில் சொன்னாள். பாராட்டாகத்தான் சொன்னாள். நான் பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன். என் கணவரும் இப்படித்தான் திடீரென்று பொறுமைசாலி ஆனார். எட்டு மாதம் பொறுமையாகச் சாப்பிட்டார். கேட்டால் பல் சரியில்லை என்பார். உணவுக்குழாயில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது கஞ்சியைத் தவிர எதுவும் இறங்க வழி இல்லாமல் இருந்தது. அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

மறுநாள் காலையிலேயே விருதுநகரிலிருந்து கிளம்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வீட்டு விசேஷம் என்று சொல்லி விடுப்பு வாங்கினேன். இதைக் கொல்லயிலில் இருந்துதான் எழுதுகிறேன். மகனைப் பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. நல்லபடியாக முடிந்த பயணங்களைத்தான் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அஜின் எனக்கு ஒரே மகன். இருபத்தேழு வயது. நெய்யாற்றின்கரையில் வீட்டு வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை. தங்கியிருப்பது பாறசாலையை ஒட்டிய கொல்லயிலில், சித்தப்பா ஞானதாஸின் வீட்டில். என் கணவர் பிறந்து வளர்ந்த வீடும் அதுதான். லில்லி ஞானதாஸின் மனைவி; இருவருக்கும் நான் மைனி, அதாவது அண்ணி.

களியக்காவிளையைத் தாண்டியதும் ஃபோன் என்னை வேறு மாநிலத்துக்கு வரவேற்றது. கல்யாணமாகி முப்பது வருடத்தில் எத்தனையோ முறை வந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அயல்நாட்டுக்கு வந்தது போலத்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் மரத்தைத் தேட வேண்டும். இங்கே மரங்களுக்கு நடுவே வீட்டைத் தேட வேண்டும். எங்கள் ஊர் கடலை எண்ணெய் வாசனையில் விழிக்கும். இங்கே எல்லாமே தேங்காய் எண்ணெய், வெளிச்செண்ணெய் என்பார்கள், தலையிலும் வாணலியிலும் ஒரே எண்ணெய்.

பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் மலையாளத்தில் சாளை மீனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இந்த வருஷம் சாளையெல்லாம் ரொம்பப் பொடி. முள்ளுதான் இருக்கு."

"உன் வீட்டுக்காரருக்கு முள்ளே போதும். அவர் சத்தம் போடாம இருப்பார்."

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். முள் என்ற சொல்லே எனக்கு அன்று ஆகவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு லில்லி மரச்சீனி என்று இங்கே சொல்லும் மரவள்ளிக் கிழங்கை மசித்து, சாளைக் குழம்பு வைத்திருந்தாள். தடித்த சிவப்பரிசிச் சோறு. அன்று சனிக்கிழமை, அஜினுக்கு அரை நாள்தான் வேலை. வந்து கட்டிக்கொண்டான். மெலிந்திருந்தான். அவன் முன்னால் மட்டும் ஒரு கிண்ணத்தில் கஞ்சி.

"எலே, நீ என்ன பிள்ளை பெத்துக் கெடக்கியா? எப்பப் பாத்தாலும் கஞ்சி!" என்றார் ஞானதாஸ்.

"சித்தப்பா தின்ன பிறகு எங்களுக்குக் கிழங்கு மிஞ்சினாத்தானே?" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அவனைப் பார்த்தேன். ஒரு வாய் கஞ்சி. ஒரு மிடறு தண்ணீர். பிறகு தாடையைக் கொஞ்சம் மேலே தூக்கி, எங்கோ கேட்கும் சத்தத்தைக் கவனிப்பவன் போலக் காத்திருந்தான். பிறகு அடுத்த வாய். அந்தத் தாடை எனக்குத் தெரியும். எட்டு மாதம் அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

கை கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"எத்தனை நாளாய்யா?"

"என்னது?"

"இறங்காம."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அம்மா, அதெல்லாம் நோக்கியாச்சு. ரெத்தம் நோக்கினாங்க. ஒண்ணும் இல்ல."

இங்கே பார்ப்பதை நோக்குவது என்பார்கள். எங்கள் ஊரில் 'ரத்தம் பார்த்தாச்சு' என்று சொல்வதுதான் இங்கே 'ரெத்தம் நோக்கியாச்சு.'

கேட்டுக்கொண்டே வந்த ஞானதாஸ், "எங்க வீட்டுல எல்லாரும் நோக்கியாச்சு மைனி. அண்ணனுக்கு வந்த அதே சூக்கேட்டுக்காக்கும் நோக்கினது. நாலு மாசம் ஆச்சு. ஏதாவது உண்டுன்னா விளிச்சுச் சொல்லியிருப்பாங்கல்லா?" என்றார். சூக்கேடு என்றால் நோய்; விளிப்பது என்றால் கூப்பிடுவது.

அரை மணி நேரம் எனக்கு மூச்சு சீராக வந்தது. லில்லி கொடுத்த பழம்பொரியில் ஒன்றரைத் துண்டு தின்றேன். இரண்டாவதைப் பாதி கடித்தபோதுதான் எனக்குள் இருக்கும் அறிவியல் வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார். உணவுக்குழாயில் கட்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் சாதாரண ரத்தப் பரிசோதனை எது? என் கணவருக்கு எத்தனை முறை ரத்தம் எடுத்தார்கள்! ஒன்றும் சொல்லவில்லையே.

"யாரு வந்து எடுத்தாங்க?"

"ஆராய்ச்சிக்காரங்க. ஆராதனை முடிஞ்சு சபை ஹால்ல வச்சு" என்றான் அஜின். "ரெத்த செல்லுல உள்ள கொழுப்புக்கும் உணவுக்குழாய் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்னு நோக்குறாங்களாம். அப்பாவுக்கு வந்ததுனால நானே போய் முதல்ல கை நீட்டினேன்."

அந்த ஆராய்ச்சியின் கள அலுவலகம் நெய்யாற்றின்கரைப் பக்கம் என்றான். சாயங்காலம் வரை திறந்திருக்குமாம். நான் போய்வருகிறேன் என்றேன். கூட வருகிறேன் என்றவனை வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அவன் இல்லாமல் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன.

பேருந்து நிலையத்தில் பலகைகள் எல்லாம் உருண்டை உருண்டையான மலையாள எழுத்து. மலையாளம் எனக்குக் கேட்டால் பாதி புரியும், எழுத்து ஒன்றும் தெரியாது. ஒருவரிடம் கேட்டேன், கையை நீட்டினார், கைக்கு நேரே நின்ற பேருந்தில் ஏறினேன். அவர் காட்டியது அதற்குப் பின்னால் நின்ற பேருந்தை என்பது காஞ்சிரங்குளம் வந்த பிறகுதான் தெரிந்தது.

"போர்டு வாசிக்கல்லியா அம்மா?" என்று நடத்துனர் கேட்டார்.

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது."

"அது சாரமில்ல, பரவாயில்ல. இங்க பாதிப் பேரு அப்படியாக்கும். வாய் ரெண்டு பாஷை பேசும், கண்ணுக்கு ஒண்ணுதான் தெரியும்" என்றார். திரும்பிப் போகும் பேருந்தையும் அவரே காட்டினார்.

அது வரும்வரை ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றேன். கொதிக்கக் கொதிக்கக் கட்டன் சாயா, பால் விடாத தேநீர். பக்கத்தில் நின்ற பெரியவர் ஆவி அடங்கும் முன்பே இரண்டே மடக்கில் குடித்து முடித்தார். அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். "என்ன அம்மச்சி, கடன் சொல்லி வாங்கினேன்னு நெனச்சியளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறவைத்துக் குடியுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. யாரோ ஒருவர் தொண்டைக்கு நான் யார்?

அலுவலகம் ஒரு கடையின் மாடியில் ஒற்றை அறை. பிந்து என்ற களப்பணிப் பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். தமிழ் தெரிந்தவள். யாருடைய விவரமும் வெளியே சொல்ல முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மகனின் விவரம் வேண்டாம், நீங்கள் என்ன நோக்குகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரெத்தத்துல சிவப்பணுவுக்கு மேல ஒரு தோலு உண்டுல்லா அம்மா, அது கொழுப்பு அமிலத்துல கட்டினதாக்கும். நாம தின்ன எண்ணெய், மீன், பலகாரம் எல்லாம் அதுல போய் இருக்கும். மூணு நாலு மாசமா என்ன தின்னியன்னு அதுட்ட கேக்கலாம். வாயிட்ட கேட்டா பொய் சொல்லும். பொரிச்சதே தொட மாட்டேன்னு ஒருத்தர் சொன்னாரு. மத்த கையில வடை!"

சிவப்பணு நூற்றிருபது நாள் வாழும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். அது சாப்பாட்டுக் கணக்கைச் சுமந்துகொண்டு ஓடும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. விருதுநகரில் புரோட்டாவை எண்ணெய்க்குள் போட்டே பொரித்தெடுப்பார்கள். என் கணவருக்கு அது உயிர். ஞாயிற்றுக்கிழமை தோறும் மகனையும் கூட்டிப் போவார். நானும்தான் தின்றேன்.

"எண்ணெய்தான் காரணமா?" என்றேன்.

"அது தெரியாது அம்மா. அது தெரிஞ்சுட்டா நான் ஏன் வீடு வீடா நடக்கேன்? சில கொழுப்பு கூடினா ஆபத்து கூடுமா, சிலது காப்பாத்துமா, சாளை தின்னா நல்லதா, ஒண்ணும் இப்போ சொல்ல முடியாது. சூடு, புகையிலை, குடி எல்லாம் கூடவே இருக்கு."

"அப்போ எடுத்த ரத்தத்துல என்ன இருந்தது?"

"இன்னும் திறக்கல்ல. எல்லாம் உறைய வச்சிருக்கு."

"எப்போ திறப்பீங்க?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். மேசை மேல் இருந்த காகிதங்களை அடுக்கினாள். "வருஷங்கள் ஆகும். ரெத்தம் தந்தவங்கள்ல பின்னால யாருக்காவது வரும்ல்லா... வந்தவங்க குப்பியையும், அதே வயசு, அதே ஊரு, வராத ஒருத்தர் குப்பியையும் சேத்து எடுத்துத் திறப்போம். ரெண்டுலயும் கொழுப்பு எப்படி மாறுதுன்னு நோக்குவோம். இது இப்போ நோக்குறதுக்கு இல்ல அம்மா. எடுத்து வைக்குறதுக்கு."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. வேறு எப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்? நோய் வந்த பின் எடுத்த ரத்தம் நோயைத்தான் சொல்லும், அதற்கு முந்தியதைச் சொல்லாது. வகுப்பில் கேட்டிருந்தால் நானே இப்படித்தான் விளக்கியிருப்பேன். ஆனால் அந்தக் குப்பிகளில் ஒன்று என் மகனுடையது. அதைத் திறக்கிறார்கள் என்றால் அவனுக்கு வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் வயதில் அவன் ஊரில் இன்னொருத்தி மகனுக்கு வந்திருக்க வேண்டும். எதற்கென்று ஜெபிப்பது?

"நோக்கியாச்சு, ஒண்ணும் இல்லைன்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்களே" என்றேன்.

பிந்து தலையில் கை வைத்தாள். "எடுத்தாச்சுன்னா நோக்கியாச்சுன்னு நெனச்சுக்குவாங்க. காயிதத்துல தெளிவா எழுதி, வாசிச்சும் காட்டித்தான் ஒப்பு வாங்குறோம். இறங்கக் கஷ்டம் உண்டுன்னு சொன்னவங்கள அப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் செய்தோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மகனுக்குக் கஷ்டம் உண்டா? உண்டுன்னா எங்களுக்குக் காத்திருக்காதீங்க. குழாய் விட்டு நோக்கணும். உடனே" என்றாள்.

படியில் இறங்கும்போது வேண்டாத ஒரு கணக்கு மனதில் ஓடியது. நாலு மாதம் ஆகிவிட்டது. அன்று அவன் உடம்பில் ஓடிய சிவப்பணுக்கள் அனேகமாக எல்லாம் இந்நேரம் செத்திருக்கும். மிச்சம் இருப்பது அந்தக் குளிர்பெட்டியில்தான்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து, எல்லோரும் புட்டும் கடலையும் முன்னால் வைத்து உட்கார்ந்தபோது, சபை ஹாலில் கொடுத்த காகிதம் எங்கே என்று கேட்டேன். ஞானதாஸ் மின்சாரக் கட்டண ரசீதுகளுக்கு நடுவிலிருந்து எடுத்து வந்தார். நாலு மடிப்பு. மலையாளத்தில் இருந்தது. அடியில் அஜினின் கையெழுத்து, தமிழில். அவன் படித்தது முழுக்க விருதுநகரில். இங்கே வந்து கடைக்காரர்களோடு மலையாளத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டான், வாசிக்கத் தெரியாது. ஞானதாஸும் பள்ளியில் தமிழ்தான் படித்தவர். அந்த வீட்டில் மலையாளம் வாசிக்கிறவள் லில்லி ஒருத்திதான். அவள் பிறந்த வீடு கோட்டுகால், மலையாளப் பள்ளியில் படித்தவள். நாலு மாதமாக அந்தக் காகிதத்தை யாரும் அவளிடம் நீட்டவில்லை.

"சத்தமா வாசி லில்லி" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மலையாளத்தில் ஒரு வரி வாசித்துத் தமிழில் சொன்னாள். "'இது நோய் உண்டான்னு கண்டுபிடிக்கிற பரிசோதனை இல்ல'ன்னு போட்டிருக்கு." அடுத்த வரிக்கு வேகம் குறைந்தது. "'எடுக்குற ரெத்தம் ஆராய்ச்சிக்காகப் பாதுகாத்து வைக்கப்படும். தந்தவங்களுக்குத் தனியா முடிவு ஒண்ணும் அறிவிக்க மாட்டோம்.'" நிறுத்திவிட்டாள்.

"நீ அன்னைக்கு இத வாசிச்சுத்தானே ஒப்பு போட்ட?" என்றார் ஞானதாஸ்.

"கண்ணாடி கொண்டு போகல்ல. அந்தப் பிள்ளை நல்லாத்தான் வாசிச்சுத் தந்திச்சு. பின்னால உங்க பாட்டுக்குழு பிராக்டீஸ். நீங்கதானே தொண்டை கிழியப் பாடினிய? எனக்கு ஒரு வரி கேக்கல்ல."

ஞானதாஸ் காகிதத்தை வாங்கித் தெரியாத எழுத்தையே உற்றுப் பார்த்தார். "அப்போ நாலு மாசமா நாம சும்மாவாக்கும் சந்தோஷமா இருந்தது?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அஜின் புட்டைத் தொடவே இல்லை. நான் கேட்டேன்: "இறங்கக் கஷ்டம் உண்டான்னு அன்னைக்குக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன். அப்போ அவ்வளவு இல்ல. எப்பவாவது ஒருக்கா சோறு நெஞ்சுல நிக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் லில்லியைப் பார்த்தான், சித்தப்பாவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். "அப்பாவுக்குத் தெரிஞ்ச பிறகு நீ சாப்பாடு வச்சுட்டு அவர் தொண்டையவே பாத்துட்டு இருப்ப. அவர் தட்டுல இருந்து தலையத் தூக்க மாட்டாரு. நான் பக்கத்துலதானே இருந்தேன்? எனக்கு அந்தப் பார்வை வேண்டாம்னு நெனச்சேன்மா."

அந்த எட்டு மாதமும் அதற்குப் பிறகும் நான் செய்ததெல்லாம் கவனிப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லில்லி எழுந்து வந்து அவன் தலையில் கை வைத்தாள். "மக்கா, பாக்காம இருந்தா மட்டும் போயிருமா?" என்றாள். அவன் புட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான். பிறகு, "எப்ப போணும்?" என்று கேட்டான்.

திங்கள்கிழமை டாக்டர் தொண்டையிலும் வயிற்றிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு, மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் இருவரும் ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னைப் போலப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு பல பேர். பக்கத்திலிருந்த பெண் மலையாளத்தில் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மீனை ஃப்ரிட்ஜ்ல வை. நான் வந்து பொரிக்கிறேன். இங்க ஒண்ணும் ஆகல, சும்மா உக்காந்திருக்கேன்." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தொண்டை மரத்துப்போக எதையோ பீய்ச்சினார்கள் என்று அஜின் பிறகு சொன்னான், வேப்பங்காய்க் கசப்பாம். கதவு மூடியது. பத்து நிமிடம்தான். என் கணவருக்குக் குழாய் விட்டுப் பார்த்தபோது உள்ளேயிருந்து டாக்டர் என்னை உடனே கூப்பிட்டார். இங்கே கூப்பிடவில்லை. அதை நல்லதாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

டாக்டர் வெளியே வந்து நேராகச் சொன்னார். "கீழ்ப் பாகத்தில ஒரு இடம் தடிச்சு, சிவந்து இருக்கு. வழி கொஞ்சம் ஒடுங்கியும் இருக்கு. இந்த வயசில புண்ணாலயும் அலர்ஜியாலயும் இப்படி வரலாம். ஆனா அப்பா கதை இருக்கிறதால நான் கண்ணால பார்த்து ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாலு சின்னத் துண்டு எடுத்திருக்கேன். அதுதான் சொல்லும்."

அந்த நாலு துண்டும் ஒரு குப்பியில் என் கைக்கு வந்தன. நர்ஸ் அஜினின் பெயரை அதில் ஒட்டி, "எதிர் ரோட்டுல லேப் உண்டு. நீங்களே கொண்டு போய்க் கொடுங்க. மூடி இளகாமப் பாத்துக்கிடணும்" என்றாள். விரலளவு குப்பி. தெளிந்த திரவத்தில் அரிசிக் குருணை போல நாலு வெள்ளைத் துணுக்குகள், ஒன்றில் மட்டும் இளஞ்சிவப்பு. இவனை ஒன்பது மாதம் சுமந்தபோதுகூட நான் இவ்வளவு கவனமாக நடந்ததில்லை.

அஜினுக்கு இன்னும் தலை கிறங்கியிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். சாலையைக் கடக்கும்போது ஒரு ஸ்கூட்டர்காரர் உரசிக்கொண்டு போனார், நான் குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றுவிட்டேன். அவர் திரும்பி, "என்ன அம்மச்சி, தங்கமா கொண்டு போறிய?" என்று கத்தினார்.

"ஆமா" என்று அஜின் திரும்பக் கத்தினான். மரத்த நாக்கில் அது 'ஆவா' என்று வந்தது.

லேப்பில் ஒரு பெண் குப்பியை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பெயரும் வயதும் எழுதினாள். பத்து நாள் ஆகலாம் என்றாள். ஒரு ஃபோன் நம்பர் மட்டும் கேட்டாள். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்தான் இருந்தது.

நான் அஜினைப் பார்த்தேன். இருபத்தேழு வயது. அவன் உடம்பு, அவன் முடிவு. அவன் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். முதலில் அவன் மட்டும் கேட்டுக்கொண்டு, எனக்கு எதைச் சொல்லலாம் என்று யோசித்து, சிரித்த முகத்தோடு வந்து ஒண்ணும் இல்லம்மா என்று சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு. நான் பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டேன். அவன் தொண்டையைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அம்மா நம்பர் எழுதுங்க" என்றான்.

அந்தப் பெண் பேனாவோடு என்னைப் பார்த்தாள். பதினைந்து வருடமாக அதே எண். எட்டு இலக்கம் சொன்னேன். கடைசி இரண்டும் எனக்கு வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். அந்தப் பெண் காத்திருந்தாள்.

மரத்த நாக்கால், ஒவ்வொன்றாக, அவன் சொன்னான்.